12345679 என்ற எண்ணை அக்கக்காகக் கழற்றிப் பார்ப்பது எப்படி?

ஒரு தாளில் 12345679 என்று எழுதுங்கள். 7-க்கு அடுத்து 9 வந்திருப்பது அச்சுப்பிழை அல்ல. 8 வேண்டுமென்றேதான் விடுபட்டிருக்கிறது. வாய்விட்டுப் படித்தால் ஒரு கோடியே இருபத்து மூன்று லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்து அறுநூற்று எழுபத்தொன்பது. இதை 9-ஆல் பெருக்கினால் 111111111 வரும். பள்ளி நாட்களில் யாராவது இந்த வித்தையைக் காட்டியிருப்பார்கள். ஏன் அப்படி வருகிறது என்று கேட்டவுடன் பேச்சை மாற்றியுமிருப்பார்கள்.

பெரிய எண் ஒன்று கையில் கிடைத்தால் அதை எந்த வரிசையில் சோதிப்பது என்பதை இந்த ஓர் எண்ணை வைத்தே பழகிக்கொள்ளலாம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். தாளும் பேனாவும் வேண்டும். கணிப்பான் இருந்தால் வேலை குறையும். எட்டு இலக்கக் கணிப்பானை மட்டும் நம்பாதீர்கள். அதன் திரையில் 12345679 கச்சிதமாக அடங்கும். 9-ஆல் பெருக்கிய மறுகணமே பிழை காட்டும்.

தொடங்குமுன் தாளின் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் ‘எண்ணின் குணம்’ என்றும் வலப்பக்கம் ‘எழுத்தின் குணம்’ என்றும் தலைப்பிடுங்கள். 12345679 கூழாங்கற்களை 37 சம வரிசைகளாக அடுக்க முடியுமா என்பது எண்ணின் குணம். அந்த எண்ணை எந்தக் குறியில் எழுதினாலும் விடை மாறாது. அதன் இலக்கங்களைக் கூட்டினால் என்ன வரும் என்பதோ எழுத்தின் குணம். புதிதாக இந்தப் பக்கம் வருபவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டுத்தான் எண்களில் மாயம் இருப்பதாக நினைக்கிறார்கள்.

முதல் படி: வாலைப் பிடியுங்கள்

கடைசி இலக்கம் 9. ஆகவே எண் ஒற்றைப்படை, 5-ஆலும் வகுபடாது. இதோடு பலரும் நகர்ந்துவிடுவார்கள். இன்னும் இரண்டு விநாடி நில்லுங்கள். கடைசி இரண்டு இலக்கங்களான 79-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3. எந்த முழு எண்ணின் வர்க்கத்தை 4-ஆல் வகுத்தாலும் மீதி 0 அல்லது 1 மட்டுமே வரும். ஆகவே இது வர்க்க எண் அல்ல. வர்க்கமூலம் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கடைசி மூன்று இலக்கங்களான 679-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 7. இந்த 7-ஐ ஓர் ஓரமாகக் குறித்துவையுங்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டாம் படி: மூன்று மூன்றாக வெட்டுங்கள்

இலக்கங்களின் கூட்டுத்தொகை 1+2+3+4+5+6+7+9 = 37. இது 3-ஆல் வகுபடாததால் எண்ணும் 3-ஆல் வகுபடாது. 37-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1; எண்ணை 9-ஆல் வகுத்தாலும் அதே 1.

அடுத்த சோதனைக்கு எண்ணை வலமிருந்து மூன்று மூன்று இலக்கங்களாக வெட்ட வேண்டும்: 12 | 345 | 679. இங்கே ஓர் எச்சரிக்கை. லட்சம், கோடி எனக் காற்புள்ளியிட்டு 1,23,45,679 என்று எழுதுவதுதான் நம் பழக்கம். அந்தத் துண்டுகளை வைத்துக் கணக்குப் போட்டால் விடை தப்பும். நானும் ஒருமுறை அப்படிப் போட்டுவிட்டு, வராத காரணியைத் தேடி ஒரு மாலைப் பொழுதையே தொலைத்திருக்கிறேன்.

துண்டுகளை மாறி மாறிக் கூட்டிக் கழியுங்கள்: 679 − 345 + 12 = 346. 1001 என்பது 7 × 11 × 13 என்பதால், 346-ஐ இந்த மூன்றாலும் வகுத்தால் வரும் மீதிகளே பெரிய எண்ணுக்கும் வரும். 7-க்கு மீதி 3, 11-க்கு 5, 13-க்கு 8. மூன்றுமே காரணிகள் அல்ல.

இப்போது அதே துண்டுகளை வெறுமனே கூட்டுங்கள்: 12 + 345 + 679 = 1036. இதையும் வெட்டிக் கூட்டினால் 1 + 36 = 37. 999 என்பது 27 × 37 ஆகையால், இந்தக் கூட்டல் 37-க்கான சோதனை. விடை 37 என்றே வந்து நிற்கிறது. ஆக, 37 ஒரு காரணி. வகுத்துப் பாருங்கள்:

12345679 = 37 × 333667

சற்று முன் இலக்கங்களைக் கூட்டியபோதும் 37 வந்தது அல்லவா? தன் இலக்கக் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்களுக்கு ‘ஹர்ஷத் எண்கள்’ என்று பெயர் வைத்தவர் மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர். மகிழ்ச்சி தருவது என்று பொருள். 12345679-உம் ஹர்ஷத் எண்தான். இதை வலப்பக்கத்தில் எழுதி, அருகே ஒரு கேள்விக்குறி போடுங்கள். காரணியும் கூட்டுத்தொகையும் ஒன்றாக வந்தது தற்செயலா, காரணத்தோடு வந்ததா என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

மூன்றாம் படி: மிச்சத்தைச் சந்தேகியுங்கள்

கையில் 333667 மிஞ்சியிருக்கிறது. இது பகா எண்ணா? ‘பார்த்தால் பகா எண் மாதிரி இருக்கிறது’ என்பது பதில் ஆகாது. 91-உம் அப்படித்தான் இருக்கும். அது 7 × 13.

வழக்கமான முறை இது: எண்ணின் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பது. 577-இன் வர்க்கம் 332929, 578-இன் வர்க்கம் 334084. ஆகவே 577 வரை போக வேண்டும். அதுவரை 106 பகா எண்கள் இருக்கின்றன. பொறுமை இருந்தால் செய்யலாம், எனக்குக் கிடையாது. எண்ணின் பிறப்பைப் பார்த்தால் ஒரு குறுக்கு வழி கிடைக்கிறது.

12345679-ஐ 9-ஆல் பெருக்கினால் 111111111, 81-ஆல் பெருக்கினால் 999999999. அதாவது 333667 என்பது 999999999-ஐ மீதியின்றி வகுக்கும். இனி 333667-க்குக் காரணியாக ஏதாவது ஒரு பகா எண் இருந்தால், அதை ‘ப’ என்று வைத்துக்கொள்வோம். அதுவும் 999999999-ஐ வகுக்கும்; வேறு வார்த்தையில் சொன்னால், 10-இன் ஒன்பதாம் அடுக்கைப் ப-ஆல் வகுத்தால் மீதி 1. 10, 100, 1000 என்று போகும் வரிசையில் முதன்முதலாக மீதி 1 வருவது எத்தனையாவது அடுக்கில் என்று கேளுங்கள். அந்த அடுக்கு 9-ஐ வகுக்க வேண்டும். 1, 3, 9 மூன்றைத் தவிர வேறு வழியில்லை.

முதல் அடுக்கிலேயே வந்தால் ப என்பது 9-ஐ வகுக்கிறது, அதாவது 3. மூன்றாம் அடுக்கில் வந்தால் ப என்பது 999-ஐ வகுக்கிறது, அதாவது 3 அல்லது 37. ஆனால் 333667-இன் இலக்கங்களைக் கூட்டினால் 28, எனவே 3 காரணி அல்ல. 37 × 9018 = 333666, மீதி 1; எனவே 37-உம் அல்ல. மிஞ்சியது ஒன்பதாம் அடுக்கு. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி 10-இன் (ப − 1)-ஆவது அடுக்கிலும் மீதி 1 வந்தாக வேண்டும். ஆகவே ப − 1 என்பது 9-ஆல் வகுபட வேண்டும். ப ஒற்றைப்படை என்பதால் ப − 1 இரட்டைப்படை. அது 18-ஆல் வகுபட வேண்டும்.

ஆகவே 18-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். 37-ஐ ஏற்கெனவே தள்ளிவிட்டதால் 577 வரை மிஞ்சுபவை பதினாறே: 19, 73, 109, 127, 163, 181, 199, 271, 307, 379, 397, 433, 487, 523, 541, 577. நீங்களே வகுத்துப் பாருங்கள், கால் மணி நேரம் ஆகும். 163-ஆல் வகுக்கும்போது மீதி 6, 19-ஆல் வகுக்கும்போது 8. 523-இல் இன்னும் 7 இருந்தால் மீதியின்றி வகுபட்டிருக்கும். எதுவும் சரியாக வகுக்கவில்லை. 333667 பகா எண்தான்.

106 வகுத்தல்கள் 16 ஆகச் சுருங்கிய இந்த உத்தி பழையது. 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டிப் பிறந்த 4294967297 பகா எண் என்று ஃபெர்மா நம்பினார். 641 அதை வகுக்கும் என்று 1732-இல் ஆய்லர் காட்டினார்; மற்ற காரணி 6700417. அந்த எண்ணின் காரணிகளை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும் என்ற நியாயமும் அவருடையதுதான். 641 என்பது 64 × 10 + 1. எண் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் தேடும் இடம் குறுகிவிடுகிறது. பிறப்பு தெரியாத எண்ணிடம் இந்தச் செல்லம் செல்லாது. 250 இலக்கமுள்ள ஆர்எஸ்ஏ-250 என்ற சவால் எண்ணை அதன் இரண்டு பகாக் காரணிகளாகப் பிரிக்க 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் ஏராளமான கணினிகளின் உழைப்பில்.

நான்காம் படி: காரணிகளை வைத்து அறுவடை செய்யுங்கள்

12345679 = 37 × 333667 என்று உறுதியான பிறகு பல கேள்விகளுக்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம். வகுத்திகள் நான்கு: 1, 37, 333667, பிறகு அந்த எண்ணே. அவற்றின் கூட்டுத்தொகை 38 × 333668 = 12679384. தன்னை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கூட்டினால் வெறும் 333705. எண்ணுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை, ஆகவே இது குறை எண். 1 முதல் 12345679 வரை, இதோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் 36 × 333666 = 12011976. நூற்றுக்கு 97-க்குச் சற்று அதிகம். இவை எல்லாம் இடப்பக்கத்துக்குப் போகட்டும்.

அடுத்தடுத்த எண்களின் கூட்டலாக இதை எழுத முடியுமா என்பது எனக்குப் பிடித்த கேள்வி. மூன்றே வழிகள் உண்டு. 6172839 + 6172840 என்பது ஒன்று. 333667-ஐ நடுவில் வைத்து இரு பக்கமும் 18 எண்கள், அதாவது 333649 முதல் 333685 வரை 37 எண்கள் என்பது இன்னொன்று. மூன்றாவது, 166797 முதல் 166870 வரை 74 எண்கள். முதலையும் கடைசியையும் கூட்டினால் 333667, அப்படி 37 ஜோடிகள். வழிகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றை வகுத்திகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. இங்கே நான்கு வகுத்திகளுமே ஒற்றை, ஆகவே மூன்று.

ஐந்தாம் படி: வர்க்கங்களாகப் பிரியுங்கள்

ஓரத்தில் குறித்த 7-ஐ இப்போது எடுங்கள். வர்க்க எண் எதையும் 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 இவற்றில் ஒன்றுதான். இந்த மூன்றிலிருந்து, திரும்பத் திரும்ப எடுத்தாலும் சரி, மூன்று எண்களைக் கூட்டி மீதி 7 வரவழைக்க முடியுமா என்று முயலுங்கள். முடியாது. எனவே 12345679-ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவோ மூன்று வர்க்கங்களின் கூட்டலாகவோ எழுதவே முடியாது. நான்கு இருந்தால் எந்த எண்ணுக்கும் போதும் என்று லக்ராஞ்சு 1770-இல் நிரூபித்தார். நம் எண்ணுக்குத் தேடி எடுத்த ஒரு விடை:

3513² + 63² + 21² + 10² = 12341169 + 3969 + 441 + 100 = 12345679

தேடிய முறை எளிது. எண்ணுக்குள் அடங்கும் மிகப் பெரிய வர்க்கத்தை முதலில் கழித்தேன், 4510 மிஞ்சியது. அதிலிருந்து 67², 66², 65² என்று இறங்கி ஒவ்வொன்றாகக் கழித்து, மிச்சம் இரண்டு வர்க்கங்களாகப் பிரிகிறதா என்று பார்த்தேன். 63²-இல் பிரிந்தது.

ஆறாம் படி: ஒன்றின் கீழ் வையுங்கள்

இனி விடுபட்ட 8-க்கு வருவோம். 1-ஐ 81-ஆல் வகுத்தால் 0.012345679012345679… என்று முடிவில்லாமல் சுழலும். 999999999 = 81 × 12345679 என்பதன் இன்னொரு முகம் இது. 1-ஐ 12345679-ஆல் வகுத்தால் 0.000000081000000081… என்று வரும். ஒன்றுக்கொன்று கண்ணாடி.

81-ஆல் வகுப்பதில் 1, 2, 3 என்று எண்ணும் வரிசை ஏன் வர வேண்டும்? 1/9 என்பது 0.1111…; அதைத் தன்னோடு பெருக்கினால் 1/81. பெருக்கலை வரிவரியாகப் போட்டுக் கூட்டினால் ஒவ்வோர் இடத்திலும் ஒரு 1 கூடிக்கொண்டே போகும்: 1, 2, 3, … 7, 8, 9, 10, 11… பத்து வந்ததும் சிக்கல். ஓர் இடத்தில் ஓர் இலக்கம்தானே நிற்க முடியும்? 10-இலிருந்து 1 இடப்பக்கம் தாவி 9-ஐப் பத்தாக்குகிறது. அந்தப் பத்திலிருந்து 1 மேலும் தாவி 8-ஐ 9 ஆக்குகிறது. ஆகவே 8 தொலையவில்லை. நீங்கள் பார்க்கும் 9 இருக்கிறதே, அதுதான் பழைய 8. உண்மையான 9-தான் 0 ஆகி, அடுத்த சுற்றின் தொடக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இது தெரிந்தால் மடங்குகளின் வேடிக்கையும் புரியும். 81 வரையுள்ள 9-இன் மடங்கால் பெருக்கினால் ஒரே இலக்கம் ஒன்பது முறை வரும்: 63-ஆல் பெருக்கினால் 777777777. 9-இன் மடங்காக இல்லாத 3-இன் மடங்கு என்றால் மூன்று இலக்கக் கொத்து மூன்று முறை: 12-ஆல் பெருக்கினால் 148148148. 80 வரையுள்ள மற்ற எண்களால் பெருக்கினால் ஒன்பது வேறுவேறு இலக்கங்கள் வந்து, ஒன்று மட்டும் விடுபடும். எட்டு இலக்கமாக வந்தால் முன்னால் 0 சேர்த்துக்கொள்ள வேண்டும். 5-ஆல் பெருக்கினால் 061728395, விடுபட்டது 4. 47-ஆல் பெருக்கினால் 580246913, விடுபட்டது 7.

எது விடுபடும் என்று பெருக்காமலே சொல்லலாம். பெருக்கும் எண்ணை 9-ஆல் வகுத்து, வரும் மீதியை 9-இலிருந்து கழியுங்கள். 47-க்கு மீதி 2, விடுபடுவது 7. காரணம் இரண்டாம் படியிலேயே இருக்கிறது: 12345679-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1, எனவே பெருக்கற்பலனின் மீதியும் பெருக்கிய எண்ணின் மீதியும் ஒன்று. பத்து இலக்கங்களையும் கூட்டினால் 45, அது 9-இன் மடங்கு. ஒன்றை எடுத்துவிட்டால் எவ்வளவு குறைகிறதோ அதுவே அந்த மீதியைத் தீர்மானிக்கிறது.

ஏழாம் படி: பத்தை மாற்றிப் பாருங்கள்

பலரும் விட்டுவிடும் படி இது. வலப்பக்கத்தில் இப்போது இரண்டு செய்திகள் இருக்கின்றன: இலக்கக் கூட்டுத்தொகையால் வகுபடுவது ஒன்று, 8 விடுபட்ட வரிசை மற்றொன்று. நாம் பத்தடிமானத்தில், அதாவது இடத்துக்கு இடம் மதிப்பு பத்து மடங்காகும் முறையில், எழுதுவதால்தான் இவை தெரிகின்றனவா என்று சோதிக்க, அடிமானத்தை எட்டாக மாற்றுவோம். எட்டடிமானத்தில் 0 முதல் 7 வரை மட்டுமே இலக்கங்கள்.

நம் எண்ணை எட்டடிமானத்தில் எழுதினால் 57060517. இலக்கங்களின் கூட்டுத்தொகை 31. 12345679-ஐ 31-ஆல் வகுத்தால் 22 மீதி. ஹர்ஷத் குணம் போயே போய்விட்டது. பத்தில் 37 இருமுறை தலைகாட்டியது தற்செயல்தான்; கேள்விக்குறியை அடித்துவிடலாம்.

விடுபட்ட இலக்கத்தின் கதை வேறு. எட்டடிமானத்தில் 123457 என்று எழுதுங்கள், 6 இல்லாமல். நமது வழக்கப்படி அது 42799. அதை 7-ஆல் பெருக்கினால் 299593. எட்டடிமானத்தில் எழுதினால் 1111111. பத்தில் கண்ட வித்தை அப்படியே திரும்பி வருகிறது, விடுபடும் இலக்கம் மட்டும் மாறுகிறது. இரண்டு இடங்களிலும் விடுபடுவது கடைசி இலக்கத்துக்கு முந்தையது. அடிமானம் எதுவானாலும் அந்தத் தாவல் அங்கேதான் நடக்கும். இது 12345679-இன் சொந்தக் குணமும் அல்ல, பத்தின் தனிச்சலுகையும் அல்ல. ஆகவே தாளில் மூன்றாவதாக ஒரு பத்தி போட்டு, அதில் எழுதிவையுங்கள்.

சிறிய எண்ணில் சரிபார்க்க ஐந்தடிமானம் வசதி. அங்கே கடைசி இலக்கம் 4, விடுபட வேண்டியது 3. எனவே 124 என்று எழுதுங்கள். 25 + 10 + 4, அதாவது 39. அதை 4-ஆல் பெருக்குங்கள், 156. அது 125 + 25 + 5 + 1, ஐந்தடிமானத்தில் 1111.